தோளில் சுட்ட மூன்று எழுத்து

இன்னைக்கு முழுக்க சிரில் பிசெத் நினைப்புதான். கரீபியன் கடலில் பிரெஞ்சுக் காலனியாக இருந்த மார்த்தினிக் தீவில், கறுப்பர்-வெள்ளையர் கலப்பில் வந்த கலப்பினத்தாரின் தலைவர். 1823 கடைசியில் அவர் வீட்டில் ஒரு சிறுநூல் சிக்கியது. அடிமையல்லாத கலப்பினத்தாருக்கும் வெள்ளையருக்கு உள்ள உரிமை வேண்டும் என்று கேட்ட நூல். அவ்வளவுதான் குற்றம்! பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தோளில் மூன்று எழுத்துக் கைதி முத்திரை குத்தினார்கள். ஆயுள் முழுக்கக் கடுந்தண்டனை. பாரிசில் மேல்முறையீடு செய்த பிறகே அது நாடுகடத்தலாகக் குறைந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1822-ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது அடக்கப் போன படையில் இவரும் இருந்தார். அதே மனிதர்தான் 1834-ல் பாரிசில் பத்திரிகை தொடங்கி, அடிமைமுறையை உடனே ஒழிக்கச் சொல்லி எழுதினார். சூடு பட்ட தோளைவிட இந்த மனமாற்றம்தான் என்னை உலுக்குகிறது. மார்த்தினிக்கில் விலங்கு அறுந்தது 1848-ல். அதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார்.