டூம்ஸ்டோன் நகரில் சில நாட்கள்

2024 அக்டோபர் 19, சனி

ஜான் ஃபோர்ட் 1946-இல் இயக்கிய ‘மை டார்லிங் கிளமண்டைன்’ படத்தை இன்றிரவு மூன்றாம் முறையாகப் பார்த்தேன். ஏர்ப் சகோதரர்கள் நால்வர் கலிபோர்னியாவுக்கு மாட்டு மந்தையை ஓட்டிச் செல்லும் வழியில் அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகருக்கு அருகே தங்குகிறார்கள். மூத்தவர்கள் மூவரும் முகம் மழித்துக்கொள்ள ஊருக்குள் போய்த் திரும்புவதற்குள் மந்தை களவு போய்விடுகிறது. காவலுக்கு இருந்த கடைக்குட்டி ஜேம்ஸ் மழையில் பிணமாகக் கிடக்கிறான். சற்று முன்புதான் மார்ஷல் வேலை, அதாவது ஊர்க் காவல் தலைமை, வேண்டாம் என்று மறுத்துவிட்டு வந்த வாயட் ஏர்ப், அதே இரவில் மேயரைத் தேடிப் போய் அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறார்.

அடுத்து வரும் விடுதிக் காட்சிக்காகவே இந்தப் படத்தை இன்னும் பத்து முறை பார்ப்பேன். மழையில் நனைந்தபடி கிழவர் கிளாண்டனும் அவருடைய மகன்களும் உள்ளே வருகிறார்கள். மாடுகள் களவு போனதையும், தாம் இந்த ஊரிலேயே மார்ஷலாக இருக்கப் போவதையும் வாயட் சொல்கிறார். டூம்ஸ்டோனில் மார்ஷலா என்று சிரித்த கிழவர் போகிற போக்கில் பெயரைக் கேட்க, பதிலைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்துபோகிறது. வாயட்டாக வரும் ஹென்றி ஃபோண்டா குரலை ஓர் இழைகூட உயர்த்தவில்லை. கிழவராக வரும் வால்டர் பிரென்னனோ முகத்தை மட்டுமே வைத்துக்கொண்டு, கொன்றது தாம்தான் என்று நமக்குச் சொல்லிவிடுகிறார்.

படுக்கும்போது ஒன்று உறைத்தது. இந்தக் கதையில் முதலில் வருவது தம்பியின் பிணம்; சட்டையில் ஏறும் நட்சத்திர வில்லை அதற்குப் பிறகுதான்.

2024 அக்டோபர் 20, ஞாயிறு

கொலையாளி யார் என்பது ஏறக்குறையத் தெரிந்த பிறகும் படம் அவசரப்படுவதில்லை. வாயட் தாழ்வாரத்தில் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து, தூணில் ஒரு காலை ஊன்றி, பிறகு மறு காலை மாற்றி, விளையாட்டுப் பிள்ளையைப் போல ஆடிக்கொண்டிருக்கிறார். ஞாயிறு காலையில் ஊரார் தேவாலயத்துக்குக் கிளம்பும்போது, பாலைவனப் பூவின் மணம் வீசுகிறதே என்று படத்தின் நாயகி கிளமண்டைன் சொல்ல, அது நாவிதர் தம்மேல் தெளித்தது என்று அவர் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறார். சுவரும் கூரையும் இல்லாமல் மரச்சட்டங்கள் மட்டும் நிற்கும் அந்தத் தேவாலயத்தின் தளத்தில் இருவரும் நடனமாடும்போது, பழி வாங்க வந்தவர் தம்மை அறியாமலே ஊர்க்காரராகிவிட்டதை ஒரு வசனமும் இல்லாமல் உணர்த்திவிடுகிறார் ஃபோர்ட்.

ஆனால் படத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு காட்சியை என்னால் மன்னிக்க முடியவில்லை. குடித்துவிட்டுத் துப்பாக்கியால் சுட்டு ஊரைக் கலக்கும் செவ்விந்தியர் ஒருவரை அடக்கி, உதைத்து ஊரைவிட்டே துரத்துவதுதான் வாயட்டுக்கு மார்ஷல் பதவியைத் தேடித்தரும் செயல். படத்துக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. பின்னணியில் நிற்கும் மானுமென்ட் வேலி பள்ளத்தாக்கின் செம்பாறைகளோ நவஹோ மக்களின் நிலத்தில் இருப்பவை. யூட்டா எல்லையை ஒட்டிய வட கோடியில் அவை இருக்க, உண்மையான டூம்ஸ்டோன் அதே அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

2024 அக்டோபர் 23, புதன்

உண்மையில் நடந்த வரலாற்றை மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை இரவு எனக்கு உறைத்த அந்த வரிசையே தலைகீழானது என்று இப்போது தெரிகிறது.

1881 அக்டோபர் 26 அன்று பிற்பகல் 3 மணியளவில் ஏர்ப் தரப்புக்கும் கிளாண்டன் தரப்புக்கும் நடந்த, படத்தின் இறுதியில் வரும் அந்தத் துப்பாக்கிச் சண்டைக்கு உடனடிக் காரணம் எந்தத் தம்பியின் கொலையும் அல்ல. நகருக்குள் ஆயுதம் தாங்கி நடக்கக் கூடாது என்ற நகர விதி எண் 9-ஐ நடைமுறைப்படுத்த வேண்டியதாயிற்று. அன்றைய நகர மார்ஷலும் வாயட் அல்ல, அவருடைய அண்ணன் வர்ஜில்தான். வாயட்டும் தம்பி மார்கனும் வாயட்டின் நண்பர் டாக் ஹாலிடேயும் அவருக்குத் துணையாகப் போனவர்கள். சண்டை நடந்த இடம்கூடப் பெயர்பெற்ற ஓ.கே. தொழுவம் அல்ல, அதன் பின்வாசலைத் தாண்டி, ஒரு புகைப்பட நிலையத்தை ஒட்டியிருந்த காலி மனை. சுமார் 30 விநாடிகளில் ஏறத்தாழ 30 குண்டுகள் பாய்ந்தன. எதிர்த்தரப்பில் பில்லி கிளாண்டனும் மெக்லாரி சகோதரர்கள் டாம், ஃபிராங்க் இருவரும் இறந்தார்கள். படம் முழுவதையும் தம் முகத்தால் தாங்கும் கிழவர் கிளாண்டனோ அதற்கு இரண்டு மாதங்களுக்கும் மேலாகவே குவாடலூப் பள்ளத்தாக்கில் கொல்லப்பட்டுவிட்டார். கடைக்குட்டியாகச் சாகும் ஜேம்ஸ் உண்மையில் இந்த நால்வரில் மூத்தவர். 1926 வரை வாழ்ந்தார். படத்தில் அறுவை மருத்துவராக வந்து சண்டையில் சாகும் ஹாலிடே உண்மையில் பல் மருத்துவர். அவர் காசநோயால் 1887-இல்தான் இறந்தார்.

சண்டைக்குப் பிறகு நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர் ஏறக்குறைய ஒரு மாதம் விசாரித்து, நவம்பர் 30-ஆம் நாள் ஏர்ப் தரப்பை விடுவித்தார். வாயட்டையும் ஹாலிடேயையும் துணைக்கு அழைத்தது வர்ஜில் செய்த விவேகமற்ற செயல், ஆனால் குற்றம் ஆகாது என்பது அவருடைய முடிவு. பழி என்ற சொல்லுக்கு வேலை வருவது இதற்குப் பிறகுதான். டிசம்பர் 28-ஆம் நாள் இரவில் மறைந்திருந்து சுட்டவர்களால் வர்ஜிலின் இடது கை நிரந்தரமாகச் செயலிழந்தது. 1882 மார்ச் 18-ஆம் நாள் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்த மார்கன் முதுகில் சுடப்பட்டு இறந்தார். இரண்டு நாள் கழித்து டூசன் ரயில் நிலையத்தில், அந்தக் கொலையில் சந்தேகிக்கப்பட்ட ஃபிராங்க் ஸ்டில்வெல்லை வாயட்டும் உடனிருந்தவர்களும் கொன்றார்கள். அப்போது வாயட் அமெரிக்கத் துணை மார்ஷல் பதவியில் இருந்தார். விரைவிலேயே அவர் தலைமேலேயே கொலைக்கான பிடியாணை ஏறியது. சட்டத்தின் பெயரால் துரத்துகிறவரும் சட்டத்தால் துரத்தப்படுகிறவரும் ஒரே குதிரையில் போன வாரங்கள் அவை.

கொலையை முன்னால் நகர்த்தியதன் மூலம், அந்தச் சங்கடம் முழுவதிலிருந்தும் ஃபோர்ட் தம் நாயகனைக் காப்பாற்றிவிட்டார்.

2024 அக்டோபர் 24, வியாழன்

ஃபோர்ட் முடித்துக் கொடுத்த படத்தில் தயாரிப்பாளர் டேரில் சானக் கைவைத்தார் என்பது தெரிந்ததே. முன்னோட்டக் காட்சிக்கான பிரதியில் வாயட் கிளமண்டைனின் கையைக் குலுக்கி விடைபெறுகிறார். திரையரங்குக்கு வந்த பிரதியில் கன்னத்தில் ஒரு முத்தம் சேர்ந்துவிட்டது. என் ஓட்டு கைகுலுக்கலுக்கே.

2024 அக்டோபர் 26, சனி

143 ஆண்டுகள் ஆன நாள் என்பதால் இறுதிச் சண்டையை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பின்னணி இசை கிடையாது. காற்று, குளம்படி, தூசி, குண்டு இவ்வளவுதான். தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்க, தெருப் பிள்ளைகள் இப்போதே வெடிக்கத் தொடங்கிவிட்டதால் எது படத்தின் ஓசை, எது தெருவின் ஓசை என்று பிரித்தறிய இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது.

இம்முறை கவனித்தது பிடியாணையை. சுடுவதற்கு முன்பாக, கிளாண்டன்களுக்கு எதிரான பிடியாணை தம்மிடம் இருப்பதை வாயட் சொல்லிவிடுகிறார். மகன்களை எல்லாம் இழந்து நிற்கும் கிழவரைக் கொல்லவும் அவர் மறுக்கிறார். என் தகப்பன் படப்போகும் வேதனையை நீயும் நூறு வயது இருந்து அனுபவி என்கிற பொருளில் பேசி, போகச் சொல்லிவிடுகிறார். கிழவர் திரும்பித் துப்பாக்கியை எடுக்க, சுடுவது மார்கன். நாயகனின் கையில் கறை படாமல் கணக்கு தீர்ந்துவிடுகிறது. அழகான ஏற்பாடுதான், ஏற்பாடு என்பது தெரிந்த பிறகும் அந்த அழகு குறையவில்லை என்பது எனக்கே சற்று எரிச்சலாக இருக்கிறது.

2024 அக்டோபர் 27, ஞாயிறு

ஜான் ஸ்டர்ஜஸின் ‘ஹவர் ஆஃப் தி கன்’, 1967. மற்றவர்கள் முடிக்கும் இடத்தில், அதாவது அந்தச் சண்டையில், இது தொடங்குகிறது. ஜேம்ஸ் கார்னரின் வாயட் சட்டைப்பையில் பிடியாணைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிக் கொல்கிறார். இவை பிடியாணைகள் அல்ல, வேட்டைக்கான உரிமங்கள் என்று ஜேசன் ரோபார்ட்ஸின் ஹாலிடே முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். சூதாடியும் குடிகாரருமான ஒருவர் சட்டத்துக்காக வருந்த, சட்டத்தின் காவலர் கல்லாக நிற்கும் அந்த இடம் ஃபோர்டின் படத்தில் எங்கும் கிடைக்காதது. காட்சிகளின் அழகில் ஃபோர்டுக்குப் பக்கத்தில்கூட வராத இந்தப் படம் நேர்மையில் முந்திவிடுகிறது என்று எழுதத்தான் நினைத்தேன்.

ஆனால் இப்படித்தான் நடந்தது என்று தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவித்துவிட்டு, கடைசியில் கிழவரின் மகன் ஐக் கிளாண்டனை மெக்சிகோவில் வாயட்டின் கையால் சாகடிக்கிறார்கள். உண்மையான ஐக், 1887-இல் அரிசோனாவிலேயே மாடு திருட்டு வழக்கில் பிடிக்க வந்த துப்பறிவாளர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். வாயட்டுக்கு அதில் பங்கில்லை.

2024 அக்டோபர் 30, புதன்

வர்ஜில் மனத்தைவிட்டு அகலவில்லை. ஃபோர்டின் படத்தில் அவர் கிளாண்டன் வீட்டு வாசலில் முதுகில் சுடப்பட்டு, கதைக்குத் தேவையான இன்னொரு பிணமாகிவிடுகிறார். உண்மையில் கை போன பிறகு மனைவி ஆலியைத் தேற்றியவர் அவர்தான்; உன்னை அணைத்துக்கொள்ள இன்னொரு கை இருக்கிறதே என்றாராம். அந்த ஒற்றைக் கையோடு கலிபோர்னியாவின் கோல்டன் (Colton) நகருக்குப் போனார். 1887-இல் அந்த ஊரார் அவரைத் தங்கள் முதல் நகர மார்ஷலாகத் தேர்ந்தெடுத்தார்கள்.