எங்கள் தெருப் பற்கள்

சயின்ஸ் சார் போய்விட்டார் என்று வாட்ஸப் குழுவில் செய்தி வந்ததும், நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசி வரை அவரோடு ராமாக்காள் ஏரிக்கரையில் நடந்தவர்கள் தர்மபுரியிலேயே இருக்கிறார்கள். அவர்கள் எழுதியிருக்க வேண்டியது இது. ஆனால் அந்த ஒன்பதாம் வகுப்புச் சம்பவம் எனக்குத்தான் நடந்தது.

பள்ளிக் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கும் திங்கட்கிழமைக் கயிறு யாருக்கும் மறந்திருக்காது. ஒவ்வோர் அடி நீளத்துக்கும் ஒரு முடிச்சு, பிரேயர் முடிந்ததும் கிணற்று மேடை, புங்க மரத்தடிக் கரும்பலகையில் அந்த வாரத்து எண். மாதக் கடைசியில் நம் கையெழுத்துப் பத்திரிகை. ஒரு படி நூலகத்துக்கு, ஒன்று ஆசிரியர் அறைக்கு, ஒன்று எதிர் டீக்கடைக்கு. டீக்கடைப் படிதான் சாருக்கு முக்கியம். அங்கே யாராவது "இது தப்பு சார், அந்த மதகு அடைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு" என்று சொன்னால் அவருக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

1991. பத்திரிகைக்கு நான் ஓசோன் படலம் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். குளோரோ புளோரோ கார்பன், 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம், எல்லாம் இருந்தது. சார் அதை வகுப்பில் முழுதாக வாசித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசித்து முடித்துத் தாளை மடித்தார்.

"நல்லா எழுதிருக்க. வானத்துல இருக்கற ஓட்டை உனக்குத் தெரியுது. உன் வாய்க்குள்ள இருக்கறது தெரியலையாடா?"

மொத்த வகுப்பும் திரும்பி என் வாயைப் பார்த்தது. என் முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள். ஆறாம் வகுப்பிலேயே உதட்டை மூடிச் சிரிக்கப் பழகியிருந்தேன். அன்று அதுவும் போயிற்று. மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. அவர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இந்த வயதிலும் அதில் எனக்கு மாற்றமில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். அம்மாவிடம் முதல் கேள்வியே, "குடிக்கிற தண்ணி எங்கிருந்தும்மா?" அடிபம்பு என்றார் அம்மா. சார் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். நம் ஊருக்கு அடியில் இருப்பது கருங்கல் பாறை. அந்தப் பாறையில் உள்ள புளோரைடு தண்ணீரில் கரைகிறது. ஆழமான போர்வெல்லில் தண்ணீர் பாறையோடு நெடுங்காலம் கிடப்பதால் கூடுதலாகக் கரைகிறது. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அதைக் குடித்தால் கோடு விழும், பிறகு போகாது. "பல்லு வெளக்காததால வந்தது இல்லம்மா இது. பையன் மேல தப்பே இல்ல."

அதுவரை அந்தக் கோடுகளுக்காக என்னைத் திட்டாதவர்கள் கிடையாது. அம்மா சாம்பலும் உப்பும் வைத்துத் தேய்த்து ஈறு புண்ணானது உண்டு. அம்மா அன்று ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போய்விட்டார். சார் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, "தெருவுல யாராருக்கு இருக்கு, எந்தத் தண்ணி குடிக்கறாங்க, கேட்டு எழுது" என்றார்.

வீடு வீடாகப் போனேன். வாயைத் திறக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது; நானே திறக்காதவன். பெரியவர்கள் பலர் பிள்ளைப் பருவத்தில் திறந்த கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள். என் பாட்டியின் பற்களில் வெற்றிலைக் காவிக்கு அடியில் ஒரு கோடுகூட இல்லை. அடிபம்பு வந்த பிறகு பிறந்த நாங்கள்தான் மாட்டிக்கொண்டிருந்தோம். சார் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் வரம்பு. எங்கள் பம்பு அதைத் தாண்டியிருந்தது. தெருவில் 22 பேருக்குக் கோடு என்று எழுதிக் கொடுத்தேன். பத்திரிகையில் வந்த என் முதல் எழுத்து அது.

அதன் பிறகு சுற்றுச்சூழல் என்று யார் எழுதினாலும், அவர் எதை எண்ணிப் பார்த்திருக்கிறார் என்றுதான் என் கண் தேடும். சார் ஓய்வு பெற்ற பிறகும் எழுதினார். வத்தல்மலையில் பிறந்து வரும் சனத்குமார நதி சாக்கடையாவதைப் பற்றி, மானாவாரிக் காட்டில் சாமை அருகி வருவதைப் பற்றி. எல்லாம் நடந்து போய்ப் பார்த்தவை.

நான் டொராண்டோ வந்தேன். முதல் பெரிய சேமிப்பில் முன்பற்களுக்கு வெள்ளை ஓடு ஒட்டிக்கொண்டேன். இந்த நகரத்தில் 1963 முதல் குழாய்த் தண்ணீரில் புளோரைடைச் சேர்த்தே தருகிறார்கள், பல் சொத்தை வராமலிருக்க. லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் அளவில். ஊருக்குப் போனபோது சாரிடம் இதைச் சொன்னேன். உடனே நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு என் வாயைப் பார்த்தார். "நல்லா இருக்குடா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள ஒரு தமிழ் இதழில் நம் மாவட்டத்துச் சிட்லிங்கி பழங்குடிப் பள்ளத்தாக்கு பற்றி எழுதினேன். டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993இல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியது, பின்னர் அந்தப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் ரசாயனம் விட்டு இயற்கை வேளாண்மைக்குச் சங்கமாகத் திரும்பியது. நல்ல கட்டுரை என்று பலர் சொன்னார்கள். சாருக்கு அனுப்பினேன். ஒரு வரியில் பதில் வந்தது: "அரூர்ல இருந்து பஸ் இருக்கு, போனியா?" போகவில்லை. எல்லாம் படித்து எழுதியது.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது அவரே போனில் கூப்பிட்டார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. "காவிரித் தண்ணி வந்துருச்சுடா! இனிமே பொறக்கற புள்ளைங்க பல்லு எப்படி வருதுன்னு பாக்கணும். எட்டு, பத்து வருஷம் கழிச்சு அதே தெருவுல மறுபடி எண்ணணும். நீ வா." கண்டிப்பா வர்றேன் சார் என்றேன். வேலை, பிள்ளைகளின் படிப்பு, பிறகு கொரோனா. அந்தக் கணக்கை நான் எடுக்கவில்லை.

போன வாரம் சாரின் மகன் பழைய பத்திரிகைப் பக்கம் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினார். என் கட்டுரைதான். மை மங்கியிருந்தாலும் எழுத்து தெரிகிறது. கடைசி வரியில் நான் எழுதிய 22ஐச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் சாரின் சாய்ந்த கையெழுத்தில் 23 என்று இருக்கிறது.

தெரு முழுக்க எண்ணிய நான் என்னைச் சேர்க்கவில்லை.