மிதுனப் பொழிவும் கார்த்திகை மழையும்

டிசம்பர் 13 இரவு. மிதுன எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும் நாள். எங்கள் மயிலாடுதுறையில் மாலையிலிருந்தே தூறல். கடலோரத்தில் காற்றழுத்தத் தாழ்வு இருந்தால் நட்சத்திரம் பார்க்கும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதான். ஆனாலும் மகள் விடவில்லை. ஒரு மணிக்குத் தார்ப்பாயும் ஃபிளாஸ்கில் சுக்குக் காபியுமாக மொட்டை மாடிக்கு ஏறிவிட்டோம்.

காத்திருந்த நேரத்தில் அவளுக்குக் கதை சொன்னேன். மற்ற எரிகல் பொழிவுகள் பெரும்பாலும் வால்மீன்கள் விட்டுச்சென்ற தூசி. இதுவோ ஃபேத்தான் என்ற சிறுகோளின் தூசி. 1983இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 5 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தக் கல் புதனைவிடச் சூரியனை நெருங்கிச் சென்று திரும்புகிறது. அதன் துகள்கள் நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் நம் காற்றில் உரசி எரிகின்றன. எங்கே பார்ப்பது என்று கேட்டாள். புனர்பூசத்தின் பக்கம் என்றேன். அவள் பாட்டியின் நட்சத்திரம் அது. அந்த இடத்தில் மேகம்தான் இருந்தது.

தார்ப்பாயின் மடிப்பில் தேங்கிய நீர் என் முழங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்துவிடலாம் என்று ஃபிளாஸ்கை மூடினேன். 2.40க்கு மேற்கே ஒரு கையகலத்துக்கு வானம் திறந்தது. மஞ்சள் கீற்று ஒன்று, அவசரமில்லாமல், தென்னை மட்டைக்குப் பின்னால் இறங்கியது.

மகள் என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள். "பாட்டியை எழுப்பட்டுமா அப்பா?" என்றாள். அதற்குள் மழை வலுத்துவிட்டது.