குளிர்ந்த எலிகள்

எலியின் மூளையை இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் வெட்டி, டிடிசி என்ற சாயக் கரைசலில் போட்டு, 37 டிகிரி சூட்டில் வைக்க வேண்டும். உயிருள்ள பகுதி சில நிமிடங்களில் செக்கச் சிவந்துவிடும். ரத்தம் கிடைக்காமல் செத்த பகுதி வெளுத்தே கிடக்கும். மருந்தியல் துறையில் ஆய்வு மாணவனாக இருந்த என் காலத்தில் பெரும்பகுதி அந்த வெளுப்பை அளப்பதில்தான் போயிற்று.

பக்கவாதத்தை எலிக்கு வரவழைக்க, கழுத்துத் தமனி வழியே நைலான் இழையை நுழைத்து நடு மூளைத் தமனியின் வாயை அடைப்போம். 1989இல் லாங்காவும் உடன் ஆய்வாளர்களும் விவரித்த முறை. இழையின் நுனியைத் தீயில் காட்டி மழுக்க வேண்டும். கொஞ்சம் கூராக இருந்தாலும் தமனி கிழியும், அன்றைய வேலை பாழ்.

நாங்கள் சோதித்த மருந்து வெளுப்பைப் பாதியாகக் குறைத்தது. நெறியாளர் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கித் தந்தார். மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கமும் அனுப்பிவிட்டேன். அப்போதுதான் கூண்டுகளைப் பராமரிக்கும் அண்ணன் கேட்டார்: "தம்பி, இந்த வரிசை எலிகளைத் தூக்கினால் மட்டும் கை சில்லென்று இருக்கிறதே, ஏன்?"

அறுவையின்போது வெப்பம் பார்த்தோம். கூண்டுக்குத் திரும்பியபின் பார்க்கவில்லை. பார்த்தால் 34 டிகிரி. மருந்து எலியை மந்தமாக்கி உடலைக் குளிர வைத்திருந்தது. குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் தேவை குறைவு, தாக்குப்பிடித்துவிடும். எம்கே-801 என்ற மருந்து ஜெர்பில்களின் (எலி போன்ற சிறு விலங்குகள்) மூளையைக் காத்ததும் இப்படித்தான் என்று ஆய்வாளர்கள் புகானும் புல்சினெல்லியும் 1990லேயே காட்டியிருந்தார்கள். அந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன், அடிக்கோடுகூட இட்டிருந்தேன்! விளக்கு வைத்து எலிகளுக்குச் சூடு குறையாமல் இரவெல்லாம் காவலிருந்து மறுபடி செய்தோம். வித்தியாசம் காணாமல் போனது. சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். ஜாங்கிரி செரித்துப்போயிருந்தது.

திடீர்ப் பக்கவாதத்துக்காக ஆய்வுக்கூடங்களில் சோதித்த சிகிச்சைகளை எண்ணி 2006இல் ஒரு கணக்கு வந்தது: 1,026. செல்லைக் காக்கும் என்று பெரிதும் நம்பப்பட்ட என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து, அதே ஆண்டே பெரிய மனிதச் சோதனையில் தோற்றது. இவற்றில் எத்தனை எலிகள் குளிர்ந்திருந்தனவோ என்று எனக்கு இன்றும் குறுகுறுப்பு.

அடுத்த மேசையில் பார்க்கின்சன் நோய் ஆய்வு. மூளையின் ஒரு பக்கத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை அழித்த எலிக்கு, டோபமைன்போல் வேலை செய்யும் அபோமார்பின் ஊசி போட்டால் தட்டாமாலை சுற்றும். தோழி சுற்றுகளை எண்ணுவார். அவர்மேல் எனக்குப் பொறாமை உண்டு. அவர்கள் நோய்க்கு லெவோடோபா என்ற மருந்து இருக்கிறது. நம் பூனைக்காலி விதையிலிருந்து 1937இலேயே சென்னையில் அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைவு என்று ஆய்வாளர் ஹோர்னிகீவிச் 1960இல் வியன்னாவில் கண்டபிறகே அதற்கு வேலை கிடைத்தது. ஆனால் அது குறைந்ததை ஈடுகட்டுமே தவிர, சாகும் செல்லைத் தடுக்காது. அங்கே தோழியும் என் கட்சிதான்.

செல்லைக் காக்கும் புதிய மருந்தொன்றைத் தொடங்குமுன் என் வெப்பமானியை இரவல் கேட்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.