ரெண்டுக்கும்தான் அண்ணா

"ரெண்டுக்கும்தான் அண்ணா" என்றேன். இரண்டே சொல். சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. இன்றைக்கும் வேலை முடிந்து மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், அந்தப் பதில்தான் முதலில் வந்து எதிரில் உட்காருகிறது.

அன்று எனக்கு டயாலிசிஸ் வார்டில் காலை ஷிப்ட். நாலாம் நம்பர் படுக்கை, அவருக்கு எப்போதும் அதுதான். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், ஐம்பது வயதுக்குள். திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், முதலமைச்சர் காப்பீட்டில். இடது கையில் பிஸ்டுலா, டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம். ஊசி போடுவதற்கு முன்னால் அதன்மேல் விரல் வைத்துப் பார்ப்போம். மாவு மில் ஓடும்போது பக்கத்துச் சுவரில் கை வைத்தால் ஒரு அதிர்வு தெரியுமே, அப்படி ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு அதிர்வு நன்றாகவே இருந்தது. ஆனால் நரம்பு கொஞ்சம் வளைந்து போகும். ஊசி பிசகினால் கை வீங்கிக் கறுத்துவிடும். முந்தின வாரம்தான் அப்படி ஆகி, முழங்கை வரை நீலம் பாரித்திருந்தது. அன்று எனக்கு முதல் குத்திலேயே இறங்கியது. ஊசியின் பின்குழாயில் ரத்தம் துள்ளி ஏறியதைப் பார்த்ததும் வழக்கம்போல என் வாய் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றது. மெதுவாகத்தான் சொன்னேன்.

"எதுக்கு சிஸ்டர் ஸ்தோத்திரம்? ஊசி ஒரே தடவைல போனதுக்கா, இல்ல உங்க கிட்னி நல்லா இருக்கிறதுக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் "சரி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி கால்மாட்டில் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பை நிறுத்தி என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமில்லை. கூட்டத்தில் யாரோ காலை மிதித்துவிட்டுக் கவனிக்காமல் போனால் பார்ப்போமே, அந்தப் பார்வை.

நான் இரண்டாவது ஊசியைப் போட்டு, பம்பை ஓடவிட்டு, அடுத்த படுக்கைக்குப் போனேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். "ஊசிக்குத்தான் அண்ணா" என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லையே. தினமும் காலையில் எழுந்து ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடிக்கும்போது நான் உண்மையாகவே நன்றி சொல்கிறேன். பதினாலு வருடம் இந்த வேலையில் இருந்தவளுக்கு அந்தச் சொம்பின் அருமை தெரியும். ஒரு டயாலிசிஸ் முடிவதற்குள் சுத்தம் செய்த தண்ணீர் ஏறக்குறைய 120 லிட்டர் அந்த மெஷின் வழியாக ஓடுகிறது, நிமிடத்துக்கு அரை லிட்டர். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு நாள் முழுவதற்கும் அனுமதித்தது 700 மில்லி, டீயும் சாம்பாரும் சேர்த்து. கோடையில் அவர் ஒரு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு அரை மணி நேரம் கரைய விடுவார். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பவள் ஸ்தோத்திரம் சொல்லாமல் எப்படிக் குடிப்பாள்?

இது அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். அம்மா நாசரேத்துக்காரர், தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். கேஸ் சிலிண்டர் வந்தால் ஸ்தோத்திரம், போன கரண்ட் திரும்பினால் ஸ்தோத்திரம், பால் பொங்கி வழியுமுன் இறக்கிவிட்டால் அதற்கும் ஸ்தோத்திரம். சின்ன வயதில் எனக்கு அது வெறும் சத்தம். வேலைக்கு வந்த பிறகுதான் அது என்னைத் தாங்குகிறது என்று தெரிந்தது. நேற்று பேசியவர் இன்று வராத படுக்கையை விரிப்பு மாற்றி அடுத்தவருக்குத் தயார் செய்யும் வேலை இது. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இரண்டு வருடத்துக்குள் போய்விட்டார்கள். நான் நிற்பதற்குக் காரணம் அந்தச் சின்னச் சின்ன ஸ்தோத்திரங்கள்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

அப்புறம், வார்டில் நான் யாருக்கும் பிரசங்கம் செய்ததில்லை. துண்டுப் பிரதி கொடுத்ததில்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன். உண்மையைச் சொன்னேன்.

இப்படி எனக்கு நானே வக்கீலாகி வாதாடி முடித்த ஓர் இரவில்தான் லூக்கா 18 ஞாபகம் வந்தது. ஆலயத்தில் ஜெபம் பண்ணப் போன இரண்டு பேர்: வேதச் சட்டத்தை விடாமல் கடைப்பிடிக்கிற பரிசேயனும், வரி வசூலிப்பதால் ஊர் வெறுத்த ஆயக்காரனும். ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்த கதை. பரிசேயன் பெருமைக்காரன், நாம் ஆயக்காரனைப் போல மார்பில் அடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் பரிசேயன் என்ன ஜெபித்தான் என்று அன்றைக்குத்தான் ஒரு சொல் விடாமல் படித்தேன். அவன் ஆண்டவரிடம் எதையும் கேட்கவில்லை. மற்ற மனுஷரைப் போல, இதோ நிற்கிற இந்த ஆயக்காரனைப் போல நான் இல்லாததால் "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறான். ஸ்தோத்திரம். நான் நாள் முழுக்கச் சொல்லும் அதே சொல்.

வேதாகமத்தை மூடிவிட்டு வெகுநேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்னால் எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் நான் சாட்சி சொல்லியிருந்தேன். "தினமும் கிட்னி போனவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் நடுவில் என்னை ஆண்டவர் சுகத்தோடு வைத்திருக்கிறார்" என்று. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சாட்சியில் நாலாம் நம்பர் படுக்கைக்காரர் இருந்தார். என் நன்றி எவ்வளவு பெரியது என்று காட்ட அவர் கையையும் ஐஸ் கட்டியையும் எடுத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. அவர் என்னைக் கேட்ட கேள்வி அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து கேட்டது போலவே இருந்தது.

ஆயரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிறாரே, அது எல்லா நிலைமையிலும் என்று அர்த்தம், நடக்கிற எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லச் சொல்லவில்லை என்றார். ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்கும்போது அங்கே அதே பவுல் "எல்லாவற்றிற்காகவும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். மறுபடி ஆயரிடம் போகவில்லை. அவர் இன்னொரு விளக்கம் தருவார். அது சரியாகவும் இருக்கும். என் கேள்வி பவுலைப் பற்றியதே இல்லை என்று அதற்குள் புரிந்திருந்தது.

அவருக்காக நான் ஜெபிக்காமலும் இல்லை. மாநிலப் பட்டியலில் கிட்னிக்குப் பதிவு செய்து காத்திருந்தார். 2008ல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த நாளை எங்கள் துறையில் யாரும் மறக்க மாட்டோம். தமிழ்நாடே அதற்குப் பிறகுதான் இந்தத் தானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது. "ஆண்டவரே, அவருக்கு ஒரு கிட்னி கிடைக்கணும்" என்று நானும் முழங்காலில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தக் கிட்னி எங்கிருந்து வரும்? ஏதோ ஒரு வீட்டில் பைக்கை எடுத்துக்கொண்டு போன பிள்ளை திரும்பாமல் இருக்க வேண்டும். கிடைத்தால் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பேன், சத்தமாகவே. அந்தப் பிள்ளையின் அம்மா அதைக் கேட்டால்? இந்த இடம் வந்ததும் என் ஜெபம் நின்றுவிடும். வாயில் சொல் இல்லாமல் முழங்காலில் அப்படியே இருப்பேன்.

மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ரயிலில் ஒத்திகை பார்ப்பேன். "அண்ணா, அன்னைக்கு நான் சொன்னது..." அதற்கு மேல் ஓடாது. எதற்கு மன்னிப்பு? என் கிட்னி நன்றாக இருப்பதற்கா? அவர் அதை மறந்திருந்தால், நானே நினைவுபடுத்தி மறுபடி குத்துவது போல ஆகாதா? அவரும் எப்போதும் போலத்தான் பேசினார். கிரிக்கெட், பெண்ணின் பிளஸ் டூ மார்க், ஆட்டோவை வாடகைக்கு விட்ட கதை. இரண்டு மாதம் போய்விட்டது.

பேசத் துணிவில்லாமல் காய் வளர்த்தேன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

மாடியில் எனக்குச் சின்னத் தோட்டம் உண்டு. இருபது குரோ பேக், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம். 2019ல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்ட கோடையில் முழுத் தோட்டமும் கருகிப்போய், அரிசி கழுவிய தண்ணீரில் ஒரே ஒரு கறிவேப்பிலையை மட்டும் காப்பாற்றியிருந்தேன். அதற்குப் பிறகு தோட்டத்துக்கு ஊற்றும் ஒவ்வொரு குவளைக்கும் நன்றி வரும். தக்காளி, கீரை இரண்டும்தான் எனக்கு நன்றாக வரும். இரண்டுமே பொட்டாசியம், டயாலிசிஸ்காரர்களுக்கு ஆகாது. அந்த ஆடியில் தக்காளியைக் குறைத்துக்கொண்டு புடலை போட்டேன். பொட்டாசியம் குறைந்த காய் அது.

புடலம்பூவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயில் தாழ்ந்த பிறகுதான் விரியும். வெள்ளை இதழ் ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்து, ஜரிகை வேலை செய்த மாதிரி இருக்கும். எங்கள் மாடிக்கு வண்டு அதிகம் வராததால் வேலை முடிந்து வந்து, டார்ச் வெளிச்சத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டு வைப்பேன். காலையிலிருந்து ஊசி பிடித்த அதே விரல்கள். பிஞ்சு விட்டதும் சுருண்டுபோகாமல் இருக்க நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொரு நாளும் கல் தரையை நோக்கி ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் மனதில் எந்தக் கணக்கும் இருக்காது. யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஒப்பிட அங்கே ஆள் இல்லை. ஸ்தோத்திரம் என்று சொன்னால் அது நேராக மேலே போவது போல இருக்கும். இப்படி எழுதும்போதே தோன்றுகிறது: ஆள் இல்லாத மாடியில் சொல்வது சுலபம்தானே.

முதல் காயை அம்மா பார்த்துவிட்டு, "அறுப்பின் பண்டிகைக்கு எடுத்து வை, முதற்பலன்லா" என்றார். எங்கள் வீட்டு வழக்கம் அது. முதல் காய் ஆலயத்துக்குப் போகும், ஏலத்தில் யாராவது நாலு மடங்கு விலைக்கு எடுப்பார்கள். நான் எடுத்து வைக்கவில்லை. பேப்பரில் சுற்றி வார்டுக்குக் கொண்டுபோய் அவர் மனைவியிடம் கொடுத்தேன். நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொன்னேன். "தெரியும் சிஸ்டர்" என்றார். ஆறு வருடமாகச் செய்கிறவருக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அவர் படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, "உங்க தோட்டத்துதா? பொட்டாசியம் இல்லாததா பார்த்து வளர்த்தீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா."

"ஸ்தோத்திரம்" என்றார் அவர்.

கேலியா, நன்றியா, இல்லை எனக்காக அந்தச் சொல்லை ஒரு முறை சொல்லிப் பார்த்தாரா? முகத்தில் சிரிப்பு இருந்தது. அவர் எப்போதும் சிரிக்கிறவர். கேள்வி கேட்ட அன்றும் அதே சிரிப்புதான் இருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் நாலு காய் கொடுத்தேன். டிசம்பரில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மருத்துவமனைக்கு மாற்றிக்கொண்டார். ஆவடியிலிருந்து வந்துபோகிற செலவு, அலைச்சல், மனைவியின் வேலை என்று காரணங்கள் சொன்னார்கள். எல்லாம் நியாயமான காரணங்கள். போகிற அன்று எனக்கு டே ஆஃப்.

இப்போது நாலாம் நம்பரில் இருபத்திரண்டு வயதுப் பையன். போன புதன்கிழமை அவன் கையில் விரல் வைத்துப் பார்த்தேன், அதிர்வு கொஞ்சம் மெலிவு. அவன் அம்மா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி முதல் தடவையிலேயே இறங்கியது. குழாயில் ரத்தம் ஏறியது. என் வாயில் சொல் வந்து நின்றது. அதற்குள் அந்த அம்மா, "முருகா" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, என் தோளைத் தொட்டு, "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றார்.

நான் பிளாஸ்டரை ஒட்டிவிட்டு, இரண்டாவது ஊசியைப் பிரித்தேன்.