"வருத்தம் இருக்கத்தானே செய்யும்"

போன மாதம் ஒரு தம்பி போனில் பேசினான். தண்டுவடத்தில் அடிபட்டு எட்டு மாதம் ஆகிறது. பிசியோதெரபி, சக்கர நாற்காலிக்கு எந்தக் குஷன் நல்லது என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தவன் சட்டென்று, "அக்கா, காலைல கண் முழிச்சதும் ஏன்டா முழிச்சோம்னு இருக்கு. டாக்டர்கிட்ட சொன்னா, இந்த நிலைமைல வருத்தம் இருக்கத்தானே செய்யும்னு சொல்றார்" என்றான்.

எனக்கும் தண்டுவடக் காயம்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் என்னிடமும் இதையேதான் சொன்னார்கள். அதைக் கேட்டு நானும் பேசாமல் இருந்துவிட்டேன், இரண்டு வருடம்.

வருத்தம் வேறு, மனச்சோர்வு வேறு. தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குக் கவனிக்க வேண்டிய அளவில் மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2013-இல் சொன்னது. அதிகம்தான். ஆனால் மீதிப் பேருக்கு அப்படி இல்லையே? காயம் பட்டால் இதுவும் கூடவே வந்துதான் தீரும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தால் வைத்தியம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நடக்க முடியாததுதான் எங்களை உடைக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என்னை உடைத்தது சிறுநீர். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றும் குழாய், போட வேண்டும். ஒருநாள் கூட்டத்துக்கு நடுவில் கசிந்துவிட்டது. உணர்ச்சி இல்லாததால் எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் கைப்பையை என் மடியில் வைத்தபோதுதான் குனிந்து பார்த்தேன். அதற்குப் பிறகு வெளியே போகிற நாளில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், அதனால் சிறுநீர்த் தொற்று வந்தது, காய்ச்சல் வந்தது, அப்புறம் வெளியே போவதையே விட்டேன். ராத்திரியில் படுக்கைப் புண் வராமல் இருக்க எழுப்பித் திருப்பிப் போடுவார்கள். தொட்டால் தெரியாத கால், நெருப்பை வைத்த மாதிரி எரியும். இப்படித் தூக்கம் துண்டுதுண்டாகப் போனால் யார் மனசுதான் தாங்கும்?

இதில் இன்னொரு சிக்கல். மனச்சோர்வைக் கண்டுபிடிக்கத் தூக்கம், களைப்பு, பசி பற்றிக் கேட்பார்கள். எங்களுக்கு அதெல்லாம் காயத்தாலும் மாத்திரைகளாலுமே கெட்டிருக்கும், அதனால் எல்லாவற்றையும் காயத்தின் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். முன்பு பிடித்தது எதிலாவது இப்போதும் நாட்டம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் ஒரு நர்ஸ். எனக்குப் பதில் சொல்ல ஒன்றுமே இல்லை, அழுதுவிட்டேன். அவர்தான் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அந்த மருத்துவரும் முதலில் கேட்டது கதீட்டர் பற்றியும் வலி பற்றியும்தான். கசிவுக்கு மருந்து, நரம்பு வலிக்கு மருந்து, வாரம் ஒருமுறை கவுன்சிலிங். மெதுவாகத்தான் மாறியது, மாதக்கணக்கில்.

சரி, தம்பிக்கு வருகிறேன். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது. "இல்லக்கா, ஆனா எதுக்கு இருக்கணும்னு இருக்கு" என்றான். கடைசியாக எப்போது வெளியே போனாய் என்றேன். ரொம்ப நேரம் பேச்சில்லை.

"கசியுதுக்கா" என்றான். மறுநாளே வேறொரு டாக்டரிடம் நாள் வாங்கினோம்.