மழை கழுவித் தந்த ஓவியம்

சென்ற ஆண்டு இங்கிலாந்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, சஃபோக் பகுதியிலுள்ள வென்ஹாஸ்டன் என்னும் சிற்றூரின் புனித பேதுரு கோயிலைப் பார்த்துவந்தேன். கட்டடக் கல் அரிதான பகுதி என்பதால், சக்கிமுக்கிக் கற்களைச் சாந்தில் பதித்தே சுவரை எழுப்பியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால், அப்பக்கத்தில் ஊருக்கொன்றாக நிற்கும் பழைய பங்குக் கோயில்களில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

உள்ளே இருக்கும் பலகை ஓவியத்துக்காகத்தான் போனேன். சுமார் 1500ஆம் ஆண்டளவில் தீட்டப்பட்ட இறுதித் தீர்ப்புக் காட்சி அது; உலக முடிவில் கிறிஸ்து எல்லாருக்கும் தீர்ப்பளிக்கும் காட்சி. பீடப் பகுதிக்கு முன்னுள்ள வளைவை அடைத்து நின்ற பலகைகளில் வரையப்பட்டது. வானவில்லின் மீது கிறிஸ்து அமர்ந்திருக்க, கீழே அதிதூதர் மிக்கேல் தராசில் ஆன்மாக்களை நிறுக்கிறார். ஒரு பக்கம் பேதுரு வரவேற்பவர்களுள் அரசரும் ஆயரும் உடையே இல்லாமல், தலையணியை மட்டும் அணிந்து நிற்கிறார்கள். உழவர்கள் வாரந்தோறும் இதைப் பார்த்துக்கொண்டு பூசை கண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

கோயிலில் உருவங்கள் கூடாதென்ற பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது, பலகைகளின் முன் நின்ற சிலுவையும் மரியாள், யோவான் சிலைகளும் அகற்றப்பட்டன. ஓவியத்தின் மீது வெள்ளையடித்து, ஆட்சியாளருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வேத வசனத்தை எழுதினார்கள். 1892இல் நடந்த திருத்த வேலையில், வெறும் பழைய மரமென்று பலகைகளைக் கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள். அன்றிரவு பெய்த மழையில் சுண்ணாம்பு கரைந்து, காலையில் முகங்கள் தெரிந்தன.

என் கண் நிலைத்தது வண்ணமில்லாத இடங்களில்தான். சிலுவையும் இரு சிலைகளும் நின்ற இடங்கள், அந்தந்த உருவத்தின் கோட்டிலேயே வெறும் மரமாக விடுபட்டிருக்கின்றன.

திருகோணமலைக்குத் திரும்பிய பின், கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டை வாசலில் நின்று, கல்லில் செதுக்கிய இணைக்கயலை, அந்த இரட்டை மீன் சின்னத்தை, அண்ணாந்து பார்த்தேன். 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். திருமேனிகள் சில 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணிலிருந்து கிடைத்தன. வென்ஹாஸ்டனில் சுண்ணாம்பு பூசியவர் மறைக்கவே பூசினார். இங்கே புதைத்தவரோ, என்றாவது ஒருநாள் திரும்ப எடுக்கலாம் என்றுதான் புதைத்திருக்க வேண்டும்.